நேற்று வந்த எண்

ஜனவரி 9

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். படியில் சறுக்கிச் சுளுக்கிக்கொண்ட கால் இப்போது தேவலை, கடைக்கு நடந்தே போய் வருகிறேன். உன் பல்வலி என்ன ஆயிற்று? பிடுங்கிவிட்டார்களா, இல்லை இன்னும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாயா?

ஒரு சந்தேகம். லாட்டரிக் குலுக்கல் பந்துகளை மாதா மாதம் தராசில் நிறுத்துப் பார்க்கிறவள் நீ. உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

என் சீட்டுக் கடைக்கு ஒருத்தர் வருகிறார். தடித்த கண்ணாடி, எப்போதும் கையில் மைக்கறை. தினமும் இருபது சீட்டு வாங்குவார். மற்றவர்கள் வண்டி நம்பர், பிறந்த தேதி, கனவில் வந்தது என்று கேட்பார்கள். இவர் எதையும் கேட்பதில்லை. சில சீட்டுகளை மட்டும் தள்ளிவிடுவார். நேற்று 372 விழுந்ததென்றால், முதலில் 3 உள்ள சீட்டு வேண்டாம், நடுவில் 7 உள்ளது வேண்டாம், கடைசியில் 2 உள்ளது வேண்டாம். மிச்சத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ராசியா என்று கேட்டேன். "ராசியெல்லாம் இல்லம்மா, பழக்கம்" என்றார்.

நேற்று வந்த எண் இன்றைக்கும் வருவதற்கு வாய்ப்புக் குறைவா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் மண்டைக்குள் ஏதாவது ஒன்று ஓட வேண்டாமா?

பல்லைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பல் போயிற்று, வலியும் போயிற்று. நாக்குதான் அந்தப் பள்ளத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது. சுளுக்கின காலோடு அந்தச் செங்குத்தான படியில் குடம் தூக்காதே. அத்தானுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்கும், ஞாபகப்படுத்து.

உன் கண்ணாடிக்காரர் வீணாகக் கஷ்டப்படுகிறார். மூன்று கண்ணாடிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்துப் பந்து. கீழேயிருந்து காற்று அடிக்கும், பந்துகள் சோளம் பொரிகிற மாதிரி துள்ளும், ஒன்று குழாய் வழியே மேலே ஏறிவிடும். மாதத்தின் முதல் திங்கள் முப்பது பந்தையும் நான் நிறுக்கிறேன். எண்ணெழுதின மையின் எடைகூட வித்தியாசம் காட்டுகிற தராசு அது. பந்துக்குத் தான் நேற்று வந்தோமா என்று தெரியாது. அதற்கு ஞாபகம் கிடையாது அக்கா. பத்தில் ஒரு தடவை நேற்று வந்ததே திரும்பவும் வரும், வந்தே தீரும்.

பொழுது போகவில்லை என்றால் ஒரு விளையாட்டு சொல்கிறேன். யாரிடமாவது தாளைக் கொடுத்து, நாணயம் சுண்டாமலே நூறு தடவை பூவா தலையா என்று மனசில் தோன்றினபடி எழுதச் சொல். பக்கத்தில் நீ நிஜமாகவே நூறு தடவை சுண்டி எழுது. எது நிஜம், எது கற்பனை என்று நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். எப்படி என்று நீயே கண்டுபிடி.

ஒரே வயிற்றில் பிறந்து ஒருத்தி ஆசையை விற்கிறாள், ஒருத்தி அதை நிறுத்துப் பார்க்கிறாள். நல்ல குடும்பம்.

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாத்திரை வாங்கியாகிவிட்டது. முழுங்க வைப்பதுதான் பெரும்பாடு.

உன் விளையாட்டில் என் கடையே இரண்டு பட்டது. பேப்பர் போடுகிறவர், சைக்கிள் கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர், உன் அத்தான் என்று நாலு பேரை எழுதவைத்தேன். அத்தான் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து சுண்டினேன். ஒரு தடவை காசு சாக்கடையில் விழுந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். நிஜத்தில் ஒரே பக்கம் ஏழு தடவை தொடர்ந்து விழுந்திருக்கிறது. அத்தான் எழுதினதில் மூன்றுக்கு மேல் இல்லவே இல்லை. "ஏன்?" என்றால், "ஒண்ணே திரும்பத் திரும்ப எழுதினா சும்மா எழுதினேன்னு நீ கண்டுபிடிச்சிடுவியே" என்கிறார். நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று மாற்றி மாற்றிப் போட்டு மாட்டிக்கொண்டார் மனுஷர்.

ஆனால் அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு ஒரு குறுகுறுப்பு. முடிவுகளைப் பேப்பரிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறேனே, பழைய சீட்டோடு சண்டைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட. அதை எடுத்துச் சும்மா மேலிருந்து கீழே பார்த்தேன். எப்படிச் சொல்வது? அது அத்தான் எழுதின தாள் மாதிரி இருக்கிறது. நான் சுண்டினது மாதிரி இல்லை.

கிறுக்கச்சி என்று சிரிக்காதே. பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல்தான் கொஞ்சம்.

சிரிக்கவில்லை. ஆனால் கண்ணை நம்பாதே. மேகத்தில் யானையைப் பார்க்கிற கண் அது. எண்ணிப் பார், பிறகு பேசு.

இப்படிச் செய். நோட்டின் கடைசி நாளில் தொடங்கிப் பின்னால் போ. ஒவ்வொரு நாளையும் முந்தின நாளோடு ஒப்பிடு. முதல் இடத்தில் அதே எண் வந்திருந்தால் ஒரு கோடு, நடு இடத்தில் வந்தால் ஒரு கோடு, கடைசி இடத்தில் வந்தால் ஒரு கோடு. நூறு குலுக்கலுக்கு முப்பதை ஒட்டிக் கோடுகள் வர வேண்டும். இருபத்திரண்டு வந்தாலும் நாற்பது வந்தாலும் நோட்டை மூடிவிட்டுப் போய்ப் படு.

ஒன்று மட்டும் சொல். இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டாய்? அந்தக் கண்ணாடிக்காரர் யார், என்ன வேலை?

தங்கை


மார்ச் 1

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. நாங்கள் சுகம்.

பதினைந்து நாளாக எண்ணினேன். முதலில் நான், பிறகு நம்பிக்கை இல்லாமல் டீச்சர், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து. நானூற்றுப் பன்னிரண்டு குலுக்கலில் கோடு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

அதற்கு முந்தின நானூற்றுப் பன்னிரண்டையும் எண்ணினோம். நூற்றுப் பத்தொன்பது கோடு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. உனக்கும் ஞாபகம் இருக்கும். முதல் நாள் 615, மறுநாளும் 615. குலுக்கல் மண்டபத்தில் நாற்காலியெல்லாம் பறந்தது என்று பேப்பரில் போட்டார்களே, அந்த நாள்தான். அதற்கு மறுநாளிலிருந்து நேற்று வந்தது இன்று வந்ததே இல்லை. விடுமுறை நாட்களையும் சேர்த்தால் பதினைந்து மாதத்துக்கு மேலாகிறது. பந்துக்கு ஞாபகம் கிடையாது என்று நீதானே எழுதினாய்? அப்படியானால் ஞாபகம் யாருக்கு?

கண்ணாடிக்காரரைக் கேட்டேவிட்டேன். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறவராம். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை அச்சானால் பிடிப்பதுதான் தொழில். "அந்த ரிசல்ட் கட்டத்துல மட்டும் என் கண்ணு நிக்கிறதே இல்லம்மா. ரொம்ப சுத்தமா இருந்துச்சு, அதான் சந்தேகம்" என்றார். வெளியே சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டாராம்.

நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று கேட்டிருந்தாய். விற்கிறவளுக்கு விற்கிற சரக்கைப் பற்றித் தெரிய வேண்டாமா? நாங்களும் எங்கள் வீட்டாரும் சீட்டு வாங்கக் கூடாது என்பது சட்டம், அது உனக்கே தெரியும்.

நோட்டைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பத்திரம்.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

நோட்டு வந்தது. நானும் எண்ணினேன். உன் கணக்குச் சரி.

இதை யாரிடமும் பேசாதே, டீச்சரிடமும் சொல்லிவை. நான் எழுதும்வரை நீ எனக்கு எழுத வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, உனக்காகவும்தான் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கண்ணாடிக்காரரைப் போல வேறு யாராவது அப்படிப் பொறுக்கிச் சீட்டு வாங்கினார்களா? பதில் இப்போது வேண்டாம்.

காலைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? குலுக்கலை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்பதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். இனி எழுதலாம், தடை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் திங்கள் வழக்கம்போல மண்டபத்துக்குப் போனேன். தராசைப் பொருத்தி முப்பது பந்தையும் நிறுத்தேன். ஒன்றிலும் குறை இல்லை. கூண்டில் பந்து போடுகிறவரைப் பந்துக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சாம்பல் நிறக் கோட்டு, பேச்சு குறைவு, எனக்கு நாற்காலி துடைத்துப் போடுகிற மனிதர். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குப் போவார். என் மேசையிலிருந்து கூண்டுக்கு எட்டு அடி தூரம். அந்த எட்டு அடியில் நான் எப்போதும் என்ன செய்வேன் தெரியுமா? குனிந்து சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன். 'எல்லாப் பந்துகளும் கூண்டில் இடப்பட்டன' என்று அச்சடித்திருக்கும்.

அன்று கையெழுத்துப் போடவில்லை. கூடவே நடந்தேன். காற்று அடிக்கிற சுவிட்சில் அவர் கை வைத்தபோது, கூண்டைத் திறந்து எண்ண வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. திறந்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. அப்புறம் அவராகவே கோட்டுப் பையில் கையை விட்டு மூன்று பந்தை எடுத்து என் மேசைமேல் உருளாதபடி ஒவ்வொன்றாக வைத்தார். நேற்று வந்த மூன்று.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த 615 இரண்டாம் தடவை விழுந்த அன்று, திருடன் என்று கத்திக்கொண்டு மேடை ஏறி அடித்தார்கள். காது இன்னும் சரியாகக் கேட்பதில்லையாம். மறுநாள் அதே எண் வந்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்று பயந்து ஒரே ஒரு நாள் எடுத்துவைத்தாராம். ஒரு நாள் இரண்டு நாளாகி, பிறகு எடுக்காமல் இருக்கப் பயமாகிவிட்டது. ஒரு சீட்டு வாங்கினதில்லை, ஒருவருக்கும் சொன்னதில்லை. பந்துக்கு ஞாபகம் இல்லையே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"பந்துக்கு இல்லம்மா. ஜனங்களுக்கு இருக்கே" என்றார்.

நியாயமாகத் தெரிய வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார். ஆனால் நேற்றைய எண்ணை நம்பி வாங்கின ஒவ்வொருத்தருடைய சீட்டும் வாங்கும்போதே செத்த சீட்டு. பதினாறு மாதம். அதற்குப் பதினாறு சான்றிதழ், பதினாறிலும் என் கையெழுத்து. அறிக்கையில் அதையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

கடையில் தொந்தரவு எதுவும் இல்லையே? ஜனங்கள் உன்மேல் பாயவில்லையே?

தங்கை


மே 10

அக்கா,

ஒரு மாதமாயிற்று, ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அத்தானையாவது எழுதச் சொல். குலுக்கல் நின்றதில் உன் வியாபாரம் படுத்துவிட்டது, அதில் என்மேல் வருத்தம் என்றால் திட்டியாவது எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச்சில் ஒன்று கேட்டேன். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல வேண்டாம். நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

இங்கே எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு கிடையாது என்று தீர்ப்பு. மாற்றலும் உண்டு. சந்தையில் காய்கறிக் கடைத் தராசுகளைச் சோதிக்கிற வேலை. எழுந்ததும் முதல் காரியமாகப் படிக்கற்களோடு அலைகிறேன். கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் கத்தரிக்காய் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்க்கிறார்கள்.

தங்கை


ஜூன் 2

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அக்கா சுகமாகத்தான் இருக்கிறேன். நேற்றுவரை அப்படி இல்லை.

உன்மேல் எனக்கு என்ன வருத்தம்? எழுத உட்காருவேன், 'நலம்' என்று எழுதுவேன், மேலே கை ஓடாது. நாலு தாளைக் கிழித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆம். வேறு ஒருத்தரும் அப்படிப் பொறுக்கி வாங்கினார். அது நான்தான்.

போன நவம்பரில் ஆரம்பித்தேன். கண்ணாடிக்காரர் தள்ளிவிடுகிற சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, அவர் போன பிறகு அவர் எடுக்கிற மாதிரியே நானும் கொஞ்சம் எடுத்துவைப்பேன். அத்தானோடு டிப்போவில் வேலை செய்கிற ஒருத்தர் பெயரில். இரண்டு பரிசு விழுந்தது. முதலாவது விழுந்தபோது அதிர்ஷ்டம் என்று இருந்தேன். இரண்டாவது ஜனவரி ஐந்தாம் தேதி. நாலு நாள் கழித்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், சும்மா தெரிந்துகொள்ள என்று. சும்மா இல்லை சின்னக்குட்டி. அன்று ஒரு அம்மா கடை வாசலில் நின்று முதல் நாள் வந்த எண்ணாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் மகள் பிறந்த தேதியாம். நான் எடுத்துக் கொடுத்தேன். வராது என்று என் உள்மனசுக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். நீ 'அதெல்லாம் ஒன்றுமில்லை, தற்செயல்' என்று அழுத்தமாக ஒரு வார்த்தை எழுதிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். நீயும் எழுதினாய். நாணயத்தைச் சுண்டவும் சொல்லிவிட்டாய். அது என்னை விடவில்லை.

அத்தானிடம் சொன்னேன். மூன்றாம் நாள் "வா, போகலாம்" என்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். விசாரணை அதிகாரியிடம் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பரிசைத் திருப்பிக் கட்ட வேண்டும். உரிமம் ஆறு மாதத்துக்கு இல்லை. உன் பெயரை அவர்கள் கேட்டார்கள். நோட்டை எண்ணிப் பார்க்கச் சொன்னவள் அவள், சீட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது என்று சொன்னேன். அது நிஜம்தானே?

இப்போது கடையில் பேப்பர், தபால் உறை, பேனா. கண்ணாடிக்காரர் வந்தார். அவர் வாங்கினதில் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் ஏதோ குறைந்தவர் மாதிரி நின்றுவிட்டு ஒரு பேனா வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டாம். கத்தரிக்காயை மட்டும் வாங்கிக்கொள்ளாதே.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கத்தரிக்காய் வாங்கவில்லை. தாமதத்துக்குக் கோபம் காரணம் இல்லை. உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன், பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

போன வாரம் குலுக்கலை மறுபடி தொடங்கிவிட்டார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்றாலும் சந்தையிலிருந்து நேராகப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன். இப்போது யாரும் தனியாகப் பந்து போடுவதில்லை. கூட்டத்திலிருந்து பத்துப் பேர் எழுந்து போய், ஆளுக்கு மூன்று பந்தை உரக்க எண்ணிக் கூண்டில் போட வேண்டும்.

முதல் நாளே பார்த்தேன், மூன்றாவது வரிசை ஓரத்தில் பந்துக்காரர். வேலை போய்விட்டது. இருந்தும் அதே சாம்பல் கோட்டில் வந்து, நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகளில் ஒருவரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை அக்கா, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாலாம் நாள் அது நடந்தது. முந்தின நாள் 508. அன்று முதல் கூண்டில் 5. யாரோ செருமினார்கள். நடுக் கூண்டில் பூஜ்யம். பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்றார், அவரைப் பார்த்து இருபது பேர். மூன்றாவது பந்து ஏறி வருவதற்குள் மண்டபம் கொதித்தது. மூன்றாவது 2 என்று வந்தும் ஒருவரும் உட்காரவில்லை. மறுபடியும் ஏமாற்று, மறுபடியும் பழைய கதை என்று கத்தினார்கள். புதிதாக வந்த அதிகாரி மேடையில் வெளுத்துப்போய் நின்றார்.

அப்போது பந்துக்காரர் எழுந்தார். எழுந்தவரைப் பார்த்ததும் கூச்சல் இன்னும் அதிகமாயிற்று. கையை உயர்த்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. பேசுகிறார் என்று தெரிந்து முன்வரிசை அடங்கியது, பிறகு அடுத்த வரிசை.

"நேத்து வந்தது இன்னைக்கும் வரும். வராம இருந்தாதான் நீங்க கேக்கணும். பதினாறு மாசம் வரவிடாம பையில வெச்சிருந்தவன் நான். அப்ப ஒருத்தரும் கேக்கல, எல்லாரும் சரியா இருக்குன்னு வீட்டுக்குப் போனீங்க. இன்னைக்குத்தான் சரியா விழுந்திருக்கு. போட்டது நீங்க பத்துப் பேர். சந்தேகம்னா எண்ணிப் பாருங்க."

அதிகாரி கூண்டைத் திறக்கச் சொன்னார். கத்தினவரே போய் எண்ணினார். உள்ளே ஒன்பது, குழாயில் ஒன்று. மூன்று கூண்டிலும் அப்படியே. அவர் இரண்டு தடவை எண்ணிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது, நாற்காலி ஒன்றுகூட உடையவில்லை.

வெளியே வாசலில் பந்துக்காரரோடு நடந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டார். தராசு காட்டிக்கொடுத்ததா என்றார். இல்லை, ஒரு அம்மா பழைய பேப்பர் துண்டுகளை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் உட்கார்ந்து எண்ணினாள் என்றேன். யார் என்று சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை. என் அக்கா என்று சொல்லிவிட்டேன். அவளும் தன் தப்பைத் தானே போய் எழுதிக் கொடுத்தாள் என்பதையும் சொன்னேன்.

பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பி, "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன் அக்கா. நாளைக்கும் அவர் மூன்றாவது வரிசையில் இருப்பார், பக்கத்து நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். எப்படி இருக்கிறாய் என்று எழுது, அவரிடம் சொல்ல வேண்டும்.

உன் தங்கை